பிடிபிஎன்11 மரபணுவை நிறுத்திப் பார்க்க எந்த வழி? கிரிஸ்பர், எஸ்.ஐ.ஆர்.என்.ஏ, தடுப்பு மூலக்கூறு, சிதைப்பி: ஓர் ஒப்பீடு

பிடிபிஎன்11 மரபணுவில் வேலை தொடங்கும் ஆய்வு மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: கிரிஸ்பரால் மரபணுவை வெட்டிவிடுவதா, எஸ்.ஐ.ஆர்.என்.ஏ என்ற சிறு ஆர்.என்.ஏ கொடுத்துக் குறைப்பதா, எஸ்எச்பி099 என்ற தடுப்பு மூலக்கூறை வாங்கிச் செல்களில் சேர்த்துவிடுவதா? அண்மைக் காலமாக, புரதத்தையே அழித்துவிடும் சிதைப்பி மூலக்கூறுகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. ஆய்வகத்தின் உறைபெட்டியில் எது தயாராக இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு வழியும் நிறுத்துவது ஒரே பொருளை அல்ல என்பதால், அப்படித் தொடங்கிய ஆய்வுகள் ஆறேழு மாதம் கழித்து, பதில் கிடைத்தும் கேள்வி எது என்று தெரியாத நிலையில் வந்து நிற்கின்றன.

எதை நிறுத்தப் போகிறோம்

பிடிபிஎன்11 மரபணு மனிதரின் 12-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், 12க்யூ24 என்ற பகுதியில் இருக்கிறது. அது தரும் புரதத்தின் பெயர் எஸ்எச்பி2. இது புரதங்களிலுள்ள டைரோசின் அமினோ அமிலங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதி. பாஸ்பேட்டைச் சேர்ப்பவை கைனேஸ்கள், நீக்குபவை பாஸ்பேட்டேஸ்கள். கைனேஸ் சமிக்ஞையை ஏற்றுகிறது, பாஸ்பேட்டேஸ் இறக்குகிறது என்று பாடநூலில் படித்திருப்போம். எஸ்எச்பி2 அந்தப் பாடத்துக்கு அடங்குவதில்லை. வளர்ச்சிக் காரணி ஏற்பிகளிலிருந்து ராஸ் என்ற புரதத்தின் வழியாக ஈஆர்கே என்ற கைனேஸ் வரை செல்லும் சமிக்ஞை முழு வலுவுடன் ஓட இந்தப் பாஸ்பேட்டேஸ் தேவைப்படுகிறது. ராஸை அணைக்கும் புரதங்கள் வந்து அமரக்கூடிய, பாஸ்பேட் ஏறிய டைரோசின் (பாஸ்போடைரோசின்) இடங்களை இது துடைத்துவிடுவது அதற்கான காரணங்களுள் ஒன்று.

அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் பின்னால் வரும் ஒப்பீடு விளங்கும். புரதத்தின் முன்பகுதியில் பாஸ்போடைரோசினைப் பற்றும் இரண்டு எஸ்எச்2 களங்கள், அவற்றை அடுத்து நொதிக் களம், கடைசியில் ஒரு வால் இருக்கின்றன. ஓய்வு நிலையில் முதல் எஸ்எச்2 களம் நொதிக் களத்தின் வாயில் ஆப்புப்போல் செருகிக்கொண்டு அதை மூடிவைத்திருக்கிறது. 1998-இல் வெளியான படிக அமைப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. கேப்1 போன்ற ஒரு துணைப் புரதத்தின் பாஸ்போடைரோசின்கள் எஸ்எச்2 களங்களைப் பிடித்து இழுக்கும்போது ஆப்பு விலகி நொதி திறக்கிறது. ஆகவே இந்தப் புரதத்துக்கு இரண்டு தொழில்கள்: ஒன்று பாஸ்பேட்டை நீக்குவது, மற்றொன்று பிற புரதங்களோடு ஒட்டிக்கொண்டு கூட்டமைப்பின் ஓர் உறுப்பாக நிற்பது.

நோய்களும் இந்த ஆப்பைச் சுற்றியே வருகின்றன. வளர்ச்சியையும் இதயத்தையும் பாதிக்கும் பிறவி நோயான நூனன் நோய்க்குறி உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மரபணுவில்தான் மாற்றம் இருக்கிறது. இதன் தொடர்பு 2001-இல் கண்டறியப்பட்டது. குழந்தைகளைத் தாக்கும் ஜேஎம்எம்எல் என்ற இரத்தப் புற்றுநோயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் இதே மரபணுவின் உடற்செல் மாற்றம் காணப்படுகிறது. 76-ஆம் இடத்துக் குளுட்டமேட் லைசினாக மாறும் இ76கே அவற்றுள் மிகக் கடுமையானது; ஆப்பு பொருந்த முடியாமல் நொதி எப்போதும் திறந்தே கிடக்கிறது.

எந்த அளவுகோல்களால் எடை போடுவது

முதல் அளவுகோல், நிறுத்த விரும்புவது நொதியின் வினையையா, புரதத்தின் இருப்பையா என்பது. மற்ற எல்லா அளவுகோல்களும் இதற்குப் பின்னால்தான் வரும் என்பது என் கருத்து. புரதம் முழுதும் மறைந்தால் அதன் இரு தொழில்களும் மறையும்; வினை மட்டும் நின்றால் ஒட்டிக்கொள்ளும் தொழில் தொடரலாம்.

இரண்டாவது அளவுகோல் காலம். வளர்ச்சிக் காரணி சேர்த்த 5 நிமிடத்தில் ஈஆர்கேயின் பாஸ்பேட் எழுந்துவிடும். அந்த 5 நிமிடத்தைப் பற்றிய கேள்விக்கு, 6 வாரம் நொதியே இல்லாமல் வளர்ந்து அந்த நிலைக்குத் தன்னைச் சரிப்படுத்திக்கொண்ட குளோனிடம் (ஒரே செல்லிலிருந்து பெருகிய செல் வரிசையிடம்) விடை தேடுவது சரியாகாது. கட்டி வளர்ச்சி போன்ற நீண்ட காலக் கேள்விக்கோ 2 மணிநேரத் தடுப்பு போதாது.

மூன்றாவது, தேர்வுத்தன்மை. எஸ்எச்பி2-க்கு எஸ்எச்பி1 என்று நெருங்கிய உறவுப் புரதம் ஒன்று உண்டு. அது பிடிபிஎன்6 மரபணுவிலிருந்து வருவது, இரத்தச் செல்களில் நிறைந்திருப்பது, பல இடங்களில் எதிர்த் திசையில் வேலை செய்வது. டி செல்களில் ஆய்வு செய்பவர் இதை மறந்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

நான்காவது, கையிலுள்ள செல்லில் எஸ்எச்பி2 இயல்பான வடிவில் இருக்கிறதா, மாற்றமடைந்த வடிவிலா என்பது. ஐந்தாவதைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை: கிடைத்த விளைவு உண்மையில் பிடிபிஎன்11 நின்றதால்தான் வந்தது என்று நிரூபிக்க எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கும்? பொருள் வாங்கும் செலவைவிட இந்த நிரூபணச் செலவு பெரும்பாலும் அதிகம்.

இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. மெல்க் என்ற கைனேஸ், மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் உயிர்வாழ இன்றியமையாதது என்று எஸ்.ஐ.ஆர்.என்.ஏ போன்றவற்றால் மரபணுவைக் குறைக்கும் ஆர்.என்.ஏ குறுக்கீட்டைக் கொண்டும் தடுப்பு மூலக்கூறைக் கொண்டும் பல காலம் நம்பப்பட்டது. அதைத் தடுக்கும் மூலக்கூறு மனிதச் சோதனைக்கும் போனது. 2017-இல் கிரிஸ்பரால் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது செல்கள் வழக்கம்போல் வளர்ந்தன. அதே தடுப்பு மூலக்கூறு மெல்க் இல்லாத செல்களையும் கொன்றது. இரு வேறு வழிகள் ஒரே விடையைத் தந்தும் இரண்டும் தவறாக இருந்தன.

கிரிஸ்பர் நாக்அவுட்

மரபணுவை முற்றிலும் செயலிழக்கச் செய்வதே நாக்அவுட். முழுமை என்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. கேஸ்9 நொதி வழிகாட்டி ஆர்.என்.ஏ காட்டும் இடத்தில் டி.என்.ஏ-வை வெட்டுகிறது, செல் அவசரமாக அதை ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் கூடியோ குறைந்தோ போகின்றன, எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வாசிப்புச் சட்டம் நகர்ந்து புரதம் உருவாகாமல் நின்றுவிடுகிறது. நிலையான செல் வரிசை ஒன்று கையில் இருந்தால் அதில் விரும்பிய வடிவ எஸ்எச்பி2-ஐத் திரும்பச் செலுத்தி ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். எந்தக் களம் எதற்குத் தேவை என்ற கேள்விக்கு இதைவிட உறுதியான அடித்தளம் கிடையாது.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் மிகுதி. கூடியோ குறைந்தோ போகும் எழுத்துகளின் எண்ணிக்கை மூன்றின் மடங்காக அமைந்தால் சட்டம் நகராது. ஹீலா போன்ற புற்றுநோய்ச் செல்களில் பல குரோமோசோம்கள் இரண்டுக்கு மேற்பட்ட நகல்களில் இருக்கும்; எல்லா நகல்களும் கெட்டாக வேண்டும். டி.என்.ஏ சேதத்தைக் கண்காணிக்கும் பி53 புரதம் நலமாக இருக்கும் செல்களில் டி.என்.ஏ வெட்டே ஓர் எச்சரிக்கையைக் கிளப்பிச் செல் பிரிதலை நிறுத்துவதால், வெட்டின் விளைவு எது, மரபணு இழப்பின் விளைவு எது என்று பிரிக்க வேண்டியிருக்கும். பிடிபிஎன்11-க்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு: மரபணுத் தொகுதியின் வேறு இடங்களில் இதன் இன்ட்ரான் (புரதமாகாத இடைப்பகுதி) இல்லாத போலி மரபணுக்கள், அதாவது வேலை செய்யாத நகல்கள், சிதறிக் கிடக்கின்றன. ஓர் எக்ஸானின் (தூது ஆர்.என்.ஏ-வில் எஞ்சும் பகுதியின்) நடுவில் பொருந்தும் வழிகாட்டி அந்த இடங்களிலும் பொருந்தினால் கேஸ்9 பல குரோமோசோம்களை வெட்டும். செல் நலிவதைக் கண்டு, இந்த மரபணு இன்றியமையாதது என்று எழுதிவிடுவோம்.

எக்ஸான் 3-ஐ இலக்காக வைப்பது பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதல் எஸ்எச்2 களத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. நூனன் மாற்றங்களும் இ76கே-யும் அங்கேதான் குவிந்துள்ளன. அதனால் எல்லோருடைய கண்ணும் முதலில் அங்கே போகிறது. ஆனால் அந்த எக்ஸானின் நீளம் 195 எழுத்துகள், அதாவது சரியாக 65 மூன்றெழுத்துக் கோடான்கள். வெட்டுக்குப் பின் செல் அந்த எக்ஸானைத் தாண்டி ஆர்.என்.ஏ-வை ஒட்டிவிட்டால் சட்டம் மாறாது. 65 அமினோ அமிலங்கள் குறைந்த, ஆனால் நொதிக் களம் முழுமையாக உள்ள புரதம் உருவாகலாம். ஆப்பு போன பாஸ்பேட்டேஸ் அது. எலிகளில் இந்தப் பாடம் முன்பே கிடைத்திருக்கிறது. எக்ஸான் 3 நீக்கப்பட்டு, சுருங்கிய புரதம் மட்டும் எஞ்சிய எலிக் கருக்கள் கருக்காலத்தின் நடுப்பகுதியில் இறந்தன. அந்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. புரதமே உருவாகாதபடி செய்த எலிக் கருக்களோ கருப்பையில் ஒட்டும் காலத்தையொட்டியே இறந்தன என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டையும் நாக்அவுட் என்றே அழைத்தோம். இரண்டும் வேறு வேறு உயிரியல்.

இதில் நானும் சறுக்கியிருக்கிறேன். எக்ஸான் 3-இல் வெட்டிய குளோன் ஒன்றின் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் காணும் சோதனையில்), முழுப் புரதம் இருக்க வேண்டிய 68 கிலோடால்டன் அருகே பட்டை இல்லை. சற்றுக் கீழே, 60-ஐ ஒட்டி, மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. ஆன்டிபாடியின் பொதுவான அழுக்கு என்று அதை ஒதுக்கிவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஆர்.என்.ஏ-வை வாசித்தபோது எக்ஸான் 2-இன் கடைசி எழுத்தும் எக்ஸான் 4-இன் முதல் எழுத்தும் ஒட்டி நின்றன. அந்த மங்கலான கோடு மூலச் செல்லில் இல்லை என்பதை முதல் நாளே படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் கண்டிருக்கலாம்.

ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால், நீளம் மூன்றின் மடங்காக இல்லாத எக்ஸானை எடுங்கள். வழிகாட்டியைப் போலி மரபணுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வழிகாட்டிகளிலிருந்து குறைந்தது மூன்று குளோன்களை வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தின் இரு முனைகளையும் காணும் இரு ஆன்டிபாடிகளால் சோதியுங்கள். தொடங்கிய நாளிலிருந்து நம்பத்தக்க குளோன் கையில் வர இரண்டு முதல் மூன்று மாதம் என்று கணக்கிடுவது நேர்மையானது. அந்தக் காலத்தில் செல் சும்மா இருப்பதில்லை. வேறு பாஸ்பேட்டேஸ்களையும் ஏற்பிகளையும் கூட்டிக் குறைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். குளோன் எடுக்காமல் செல் கூட்டத்தை அப்படியே சில நாளில் அளந்துவிடுவது இந்தச் சிக்கலைக் குறைக்கும், ஆனால் வெட்டுப்படாத செல்களும் அதில் கலந்தே இருக்கும்.

எஸ்.ஐ.ஆர்.என்.ஏ நாக்டவுன்

மரபணுவை நீக்காமல் அதன் வெளிப்பாட்டைக் குறைப்பதே நாக்டவுன். 21 எழுத்து நீளமுள்ள சிறு இரட்டை ஆர்.என்.ஏ-க்கள் பாலூட்டிச் செல்களிலும் வேலை செய்யும் என்பது 2001-இல் நிறுவப்பட்டது. இன்றும் மிக விரைவாகத் தொடங்கக்கூடிய மரபணு வழி இதுதான். மலிவானது, குளோன் தேவையில்லை, ஒரே வாரத்தில் முதல் விடை வந்துவிடும்.

குறை என்னவென்றால், இது தூது ஆர்.என்.ஏ-வை அழிக்கிறதே தவிர ஏற்கெனவே உருவான புரதத்தைத் தொடுவதில்லை. பழைய புரதம் தானாகக் கரையும்வரை 48 முதல் 72 மணிநேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு எஞ்சும். எஸ்எச்பி2 ஒரு நொதி என்பதால் அந்த எச்சம் அற்பமல்ல: கட்டுமானப் புரதம் ஒன்று பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கட்டடம் சரியலாம், நொதி அப்படிக் குறைந்தாலும் தன் வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்து முடித்துவிடலாம். எனவே எஸ்.ஐ.ஆர்.என்.ஏ கொடுத்தும் விளைவு எதுவும் தெரியவில்லை என்ற முடிவுக்கு இந்த மரபணுவில் அதிக மதிப்புத் தர முடியாது. விளைவு தெரிந்தாலும், வழிகாட்டி இழையின் 2 முதல் 8 வரையான எழுத்துகளைக் கொண்ட விதைப் பகுதி வேறு பல தூது ஆர்.என்.ஏ-க்களோடு அரைகுறையாகப் பொருந்தி அவற்றையும் குறைத்திருக்கக்கூடும். தனித்தனி வரிசையுள்ள இரண்டு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-க்கள் ஒரே விளைவைத் தர வேண்டும், அந்த எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-வால் தாக்க முடியாதபடி எழுத்து மாற்றிய எஸ்எச்பி2-ஐச் செலுத்தும்போது அந்த விளைவு மறைய வேண்டும்.

பாஸ்பேட் ஏறிய ஈஆர்கேயை (பாஸ்போ-ஈஆர்கே) அளப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆர்.என்.ஏ-வை உள்ளே கொண்டுசெல்லும் கொழுப்புக் கலவையே சில செல்களுக்கு அழுத்தம் தரும். அதன்மேல் சீரத்தை நிறுத்தி வைத்து, பிறகு வளர்ச்சிக் காரணி சேர்த்தால், அளக்கும் சமிக்ஞையின் அடிமட்டம் தட்டுக்குத் தட்டு ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செலுத்த வேண்டியிருப்பதால் இந்த ஆட்டம் ஆய்வு முழுதும் கூடவே வரும்.

புரதம் முற்றிலும் இல்லாமல் போனால் உங்கள் செல் இறந்துவிடும் என்றால், பகுதிக் குறைப்பே வேண்டியிருந்தால், அல்லது பல மரபணுக்களை வரிசையாகச் சலித்துப் பார்க்கும் முதல் கட்டம் என்றால் இது நல்ல தேர்வு.

தடுப்பு மூலக்கூறு

இந்த மரபணுவைப் பொறுத்தவரை தடுப்பு மூலக்கூறுகளின் வரலாற்றை 2016-க்கு முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கலாம். முன்பு கிடைத்தவை நொதியின் வினைக்குழியில் பொருந்துபவை. டைரோசின் பாஸ்பேட்டேஸ்களின் வினைக்குழி நேர்மின் தன்மை மிக்கது, குடும்பம் முழுதும் ஒன்றுபோல் இருப்பது. அதில் பொருந்த வேண்டிய மூலக்கூறு எதிர்மின் சுமையோடு இருக்க வேண்டியிருந்ததால் செல் சவ்வைக் கடக்கத் திணறியது, உள்ளே போனாலும் எஸ்எச்பி1-ஐயும் சேர்த்தே பிடித்தது. என்எஸ்சி-87877 அவ்வகை, இன்னும் சில ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

2016-இல் அறிவிக்கப்பட்ட எஸ்எச்பி099 வினைக்குழியைத் தொடுவதே இல்லை. இரண்டு எஸ்எச்2 களங்களும் நொதிக் களமும் சந்திக்கும் இடத்திலுள்ள ஒரு சுரங்கத்தில் புகுந்து, மூன்றையும் மூடிய நிலையிலேயே பசைபோட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது. தூய நொதியில் பாதித் தடுப்புக்குத் தேவையான செறிவு சுமார் 70 நானோமோலார். செல் வளர்ப்பில் 10 மைக்ரோமோலார் வரை பயன்படுத்துவது வழக்கம். எஸ்எச்பி1-ஐ இது தொடுவதில்லை. ஆர்எம்சி-4550, டிஎன்ஓ155 ஆகியவை அதே சுரங்கத்தை நாடும் பின்வந்த மூலக்கூறுகள். டிஎன்ஓ155 மருத்துவச் சோதனைகளுக்குச் சென்றது.

பலர் தவறவிடும் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. தடுப்பு மூலக்கூறு என்றவுடன் அது வினையை மட்டும் நிறுத்தும், ஒட்டும் தொழிலை விட்டுவிடும் என்று எண்ணுகிறோம். வினைக்குழியை அடைப்பவற்றுக்கு அது பொருந்தும். சுரங்கத்தில் புகும் எஸ்எச்பி099 புரதத்தையே மூடிவைப்பதால், முதல் எஸ்எச்2 களம் பாஸ்போடைரோசினைப் பற்ற வசதியான வடிவத்துக்கு வருவதும் தடைபடுகிறது. அதாவது அது வினையோடு ஒட்டும் தொழிலையும் பெருமளவு நிறுத்துகிறது. நாக்அவுட்டும் எஸ்எச்பி099-உம் ஒரே விளைவைத் தந்தன, ஆகவே இங்கே தேவைப்படுவது நொதி வினைதான் என்று எழுதப்படும் வாதம் இதனால் நிற்காது. அந்தக் கேள்விக்கு, 459-ஆம் இடத்துச் சிஸ்டீன் செரினாக மாறிய, வினை இழந்த எஸ்எச்பி2-ஐ நாக்அவுட் செல்லில் செலுத்திப் பார்ப்பதே வழி. அதிலும் அளவு இயல்பைத் தாண்டக் கூடாது: வினை இழந்த நொதி தன் இலக்குகளைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்பதால், மிகுதியாக இருந்தால் மற்ற பாஸ்பேட்டேஸ்களையும் அண்டவிடாது.

வேகத்தில் இந்த வழிக்கு ஈடில்லை. ஒன்றிரண்டு மணிநேரத்தில் விளைவு தெரியும், கழுவினால் திரும்பும், அளவைக் கூட்டிக் குறைத்து வளைவு வரையலாம். செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். இ76கே போன்ற திறந்தே கிடக்கும் வடிவங்களில் சுரங்கம் சரிவர உருவாவதில்லை. எனவே இ76கே சுமக்கும் இரத்தப் புற்றுநோய்ச் செல்லில் எஸ்எச்பி099 பலிக்காததைக் கண்டு அந்தச் செல்லுக்கு எஸ்எச்பி2 தேவையில்லை என்று சொல்வது பிழை. இம்மூலக்கூறில் காரத்தன்மையுள்ள அமைன் இருப்பதால் செல்லின் கழிவைச் சிதைக்கும், அமிலத்தன்மையுள்ள லைசோசோமில் தேங்கக்கூடும். இவ்வகைத் தடுப்பிகள் சில, எஸ்எச்பி2-க்குத் தொடர்பின்றியே, செல் தன் பழைய பாகங்களைத் தானே செரிக்கும் தன்னுண்ணலைக் குலைப்பதும் பதிவாகியிருக்கிறது. 24 மணிநேரத்துக்கு மேல் ஓடும் சோதனையில் ஏற்பிகள் கூடி ஈஆர்கே சமிக்ஞை மீண்டும் எழுவதையும் எதிர்பார்க்க வேண்டும்.

நல்ல செய்தி, நிரூபணச் செலவு இங்கே குறைவு. 253-ஆம் இடத்துத் திரியோனினை மெத்தியோனினாகவும் 257-ஆம் இடத்துக் குளுட்டமினை லூசினாகவும் மாற்றினால், நொதி வேலை செய்யும், ஆனால் எஸ்எச்பி099-க்கு மசியாது. இந்த இரட்டை மாற்றத்தைச் செலுத்திய செல்லில் மருந்தின் விளைவு மறைந்தால் அது எஸ்எச்பி2 வழியாக வந்தது; மறையாவிட்டால் வேறெங்கோ பட்டிருக்கிறது.

சிதைப்பி

ஒரு முனையில் எஸ்எச்பி2-ஐப் பிடிக்கும் மூலக்கூறு, மறுமுனையில், அழிக்க வேண்டிய புரதங்களுக்கு அடையாளமிடும் விஎச்எல் போன்ற யுபிகுவிட்டின் லிகேஸைப் பிடிக்கும் மூலக்கூறு, நடுவில் ஒரு கயிறு. இரண்டையும் அருகருகே கொண்டுவந்து எஸ்எச்பி2-ஐச் செல்லின் புரத அழிப்பு இயந்திரமான புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடும். 2020-இல் வெளியான எஸ்எச்பி2-டி26 இவ்வகை. நாக்அவுட்டின் பொருளும் தடுப்பியின் வேகமும் ஒன்றாகக் கிடைப்பதுதான் இதன் கவர்ச்சி: புரதம் சில மணிநேரத்தில் மறைகிறது, செல்லுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைப்பதில்லை.

மூலக்கூறு பெரியது என்பதால் செல்லுக்குள் நுழைவது செல்வகைக்கு ஏற்ப மாறும். அளவை மிகவும் கூட்டினால் ஒவ்வொரு முனையும் தனித்தனி மூலக்கூறால் நிரம்பி, சிதைவு கூடாமல் குறையத் தொடங்கும். எஸ்எச்பி2-ஐப் பிடிக்கும் முனை அதே சுரங்கத்தை நாடுவதாக இருந்தால், முதல் சில மணிநேரம் காண்பது சிதைவின் விளைவல்ல, தடுப்பின் விளைவு; திறந்த வடிவ மாற்றங்களில் பிடிப்புக் குறையும் என்றும் எதிர்பார்க்க வேண்டும். லிகேஸைப் பிடிக்காத இணை மூலக்கூறு ஒன்றைக் கட்டுப்பாடாக வைக்காமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே கூடாது.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | கிரிஸ்பர் | எஸ்.ஐ.ஆர்.என்.ஏ | எஸ்எச்பி099 வகை | சிதைப்பி |
|---|---|---|---|---|
| எது நிற்கிறது | புரதம் முழுதும், எக்ஸான் தாண்டல் நேராவிட்டால் | புரதத்தின் பெரும்பகுதி | வினையும், பெருமளவு ஒட்டும் தொழிலும் | முதலில் வினை, பிறகு புரதம் |
| விளைவு தெரிய | வாரங்கள், மாதங்கள் | 2 முதல் 3 நாள் | மணிநேரங்கள் | பல மணிநேரம் |
| திரும்பப் பெறலாமா | புரதத்தைத் திரும்பச் செலுத்தினால் மட்டும் | சில நாளில் தானாக | கழுவினால் | கழுவிய பின், புதிய புரதம் உருவாகும்போது |
| இ76கே உள்ள செல் | பொருந்தும் | பொருந்தும் | பொருந்தாது | ஐயம் |
| பெரிய மறைசெலவு | எக்ஸான் தாண்டல், போலி மரபணு, செல்லின் தகவமைவு | விதைப் பகுதி விளைவு, எஞ்சும் நொதி | லைசோசோம், தன்னுண்ணல் | செறிவு வளைவு, இணை மூலக்கூறு தேவை |
| நிரூபணம் | புரதத்தைத் திரும்பச் செலுத்தல் | தாக்குப்படாத எஸ்எச்பி2 | 253, 257 இரட்டை மாற்றம் | லிகேஸ் பிடிக்காத இணை |

எந்தக் கேள்விக்கு எது

வளர்ச்சிக் காரணி சேர்த்த முதல் ஒரு மணிநேரத்தில் சமிக்ஞை எப்படி ஓடுகிறது என்பது கேள்வியானால் எஸ்எச்பி099-இல் தொடங்கி, கிரிஸ்பர் குளோனில் உறுதிசெய்யுங்கள். எந்தக் களம் அல்லது எந்த டைரோசின் தேவை என்பது கேள்வியானால் நாக்அவுட்டும் திரும்பச் செலுத்தலும் தவிர வேறு வழியில்லை. டி செல்களில், நோயெதிர்ப்பை அடக்கும் பிடி-1 ஏற்பியின் கீழ் நடப்பதை ஆராய்பவர், பிடிபிஎன்11 மட்டும் போன செல், பிடிபிஎன்6 மட்டும் போன செல், இரண்டும் போன செல் என மூன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பக்கூடும்.

ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த கேராஸில் மாற்றமுள்ள செல்களில் வளர்ச்சியை அளப்பவர், கருவியைத் தேர்வதற்கு முன் செல்லை எப்படி வளர்க்கிறோம் என்று பார்க்க வேண்டும். சீரம் நிறைந்த தட்டின் தரையில் படர்ந்து வளரும்போது எஸ்எச்பி2 இல்லாமையைப் பெரிதாக உணராத செல்கள், உருண்டைகளாக வளரும்போதும் சீரம் குறைந்த நிலையிலும் அதை உணர்வதை 2018, 2019 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. தட்டு தவறானால் நான்கு கருவிகளுமே ஒருசேரத் தவறான விடையைத் தரும்.

கேள்வி நோய் மாற்றத்தைப் பற்றியதானால் நிறுத்துவதே தவறான தொடக்கம். அந்த மாற்றத்தைச் செல்லின் சொந்த மரபணுவில் எழுதுவதே முறை. இ76கே-க்கு 226-ஆம் எழுத்தான ஜி, ஏ ஆக வேண்டும். எதிர் இழையில் அது சி-யை டி ஆக்குவதற்குச் சமம் என்பதால் டி.என்.ஏ-வின் இரு இழைகளையும் வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் சைட்டோசின் எழுத்துத் திருத்தி வேதியியல் ரீதியில் போதும். நூனனில் அடிக்கடி வரும் என்308டி-க்கு 922-ஆம் எழுத்து ஏ, ஜி ஆக வேண்டும். அதற்கு அடினின் திருத்தி உண்டு. ஆனால் 459-ஆம் சிஸ்டீனைச் செரினாக்குவது இவ்விரண்டாலும் ஆகாது. சிஸ்டீனின் எந்தக் கோடானிலிருந்தும் செரினுக்குப் போக, இத்திருத்திகள் செய்யாத வகை எழுத்து மாற்றம் தேவைப்படும். அதற்கு, இரு இழைகளையும் வெட்டாமல் விரும்பிய எழுத்தை எழுதும் பிரைம் எடிட்டிங் அல்லது வார்ப்பு டி.என்.ஏ வைத்துச் செய்யும் பழைய முறைதான் கைகொடுக்கும்.

எந்தக் கருவியை எடுத்தாலும், பி-ராஃப் வி600ஈ மாற்றம் உள்ள ஏ375 போன்ற ஒரு மெலனோமா செல் வரிசையைப் பக்கத்தில் வளர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஈஆர்கே-யை இயக்குவது எஸ்எச்பி2-க்கும் ராஸுக்கும் கீழே இருக்கும் பி-ராஃப் என்பதால், எஸ்எச்பி2 நின்றாலும் வளர்ச்சி பெரிதாகக் குறையக் கூடாது. உங்கள் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-வோ மூலக்கூறோ அந்தச் செல்களையும் மற்றவற்றைப் போலவே கொன்றால், அது எஸ்எச்பி2-ஐத் தவிர வேறு எதையோ தாக்குகிறது. இதற்குத் தேவை ஒரு 96 குழித் தட்டும் மூன்று நாளும்; குளோன் எடுக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முந்திய வாரத்தில் இதைச் செய்துவிடலாம்.